குறிக்கு வலப்பக்கம்

பொருளாளர் சாருகேசன் சொன்னார்:
ஏழு குழுவுக்கு ஏழு டொமைன் எதற்கு?
ஒன்றியத்தின் பெயர் ஒன்று போதும்,
எல்லோரும் அதற்குக் கீழே வாருங்கள்.
டொலர் ஏறி நிற்கிற நிலையில்
அவரைப் பிழை சொல்ல ஏலாது.
வரவு செலவுக் கொப்பி அவரிடம்.
கடவுச்சொற்கள் என்னிடம்.

யாப்பில் இல்லாத பதவி என்னுடையது.
முதலாம் வருடம் ஒரு கூட்டத்தில்
புரொஜெக்டர் வயரைத் திருப்பிச் செருகினேன்;
அன்றிலிருந்து
அறிவியல் நகரில் எவருடைய அஞ்சல் வராவிட்டாலும்
என் அறைக் கதவுதான் தட்டப்படும்.
நாற்பத்தொரு பெட்டிகள்.
சிங்கப்பூரில் எங்கோ ஒரு வாடகைச் சேவர்,
அதை நான் கண்டதில்லை.
இங்கே மின்சாரம் போகிற இரவுகளில்
அங்கே அது விழித்திருக்கும் என்று நினைப்பேன்.

இரத்ததானக் குழு வினுசியா எழும்பினாள்:
ஆஸ்பத்திரியிலிருந்து இரவு பதினொன்றரைக்கு
ஓ நெகட்டிவ் கேட்டு வருகிற கடிதம்
கிரிக்கெட் பெனியன் விலைப்பட்டியலுக்கு
அடியில் கிடக்கவோ?
திரைப்பட வட்டத்து றிஸ்மினா
பெயருக்காக மூன்று கிழமை சண்டை பிடித்ததையும்
கடைசியில் இமல்க கண்டுபிடித்த சொல்
தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பொருளில் நின்றதையும்
ஞாபகப்படுத்தினாள்.

வானியல் குழுவில் மூன்று பேர்.
தொலைநோக்கி ஒன்று,
தாங்கியின் ஒரு கால் விறகுத் தடி.
மூன்று பேருக்கு ஒரு டொமைனோ என்று யாரோ கேட்க
மண்டபம் சிரித்தது. நானும்.
துவாரகன் சிரிக்கவில்லை.
போன மாசியில் விசுவமடுவிலிருந்து
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று
இரணைமடுவுக்கு மேலே வரிசையாய்ப் போன வெளிச்சங்கள் என்னவென்று
எங்களுக்கு எழுதிக் கேட்டது, என்றான்.
ஒன்றியத்துக்கு எழுதியிருக்குமோ?
சாருகேசன் பேனையை மூடித் திறந்தார்.

நாலுக்கு மூன்று. சேர்ப்பதென்று முடிவு.
அறிக்கையில் எழுதியவன் நான்.
யாப்பில் இல்லாத பதவிக்கு வாக்கும் இல்லை.

அன்றிரவே மாற்றத் தொடங்கினேன்.
குறிக்கு இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் ஊர்.
ஆட்களை அப்படியே விட்டு
ஊரை மட்டும் பெயர்த்தேன்.
வானியலைக் கடைசிக்கு வைத்தேன்.
உலகம் முழுக்கத் தெரியவர
நாற்பத்தெட்டு மணித்தியாலம் ஆகலாம் என்று
திரையில் ஓர் எச்சரிக்கை.
நாற்பத்தெட்டு மணித்தியாலம் என்ன பெரிய காலம்.
எனக்கு ஆறு வயதில்
எங்கள் முகவரி ஒரு வலய இலக்கம், ஒரு கூடார இலக்கம்.
சுவிசிலிருந்து மாமா எழுதிய கடிதம்
நாங்கள் திரும்பி வந்து ஒன்றரை வருடம் கழித்து வந்தது,
முத்திரைக்கு மேல் முத்திரை குத்தி.
அம்மா அதை உடைக்காமல்
உறையின் முன்பக்கத்தையே கனநேரம் வாசித்தா.

விடிய துவாரகன் வந்தான்.
ஐயாயிரத்து நானூறு ரூபா,
கால்வாசி இருபது ரூபாத் தாள்கள்.
ஒரு வருசம் மட்டும், என்றான். எங்கட காசு.
ஒன்றியத்தின் முடிவைப் பற்றி அவன் கேட்கவில்லை,
நானும் யாப்பைத் திறக்கவில்லை.

எங்களில் ஒருவருக்கும் கடனட்டை இல்லை.
கரடிப்போக்குச் சந்தியில்
போன் கடை பத்மராசா அண்ணைதான்
வருசா வருசம் தன்னுடையதை நீட்டுவார்.
'தம்பி, இதென்ன, காணி வாங்கிறியளோ?'
ஒருவகையில் ஓம் அண்ணை.
ஒவ்வொரு வருசமும் காசு கட்டவேணும்,
உறுதி தரமாட்டினம்.
'அப்ப என்ர காணி மாதிரித்தான்,' என்றார்
இலக்கங்களை ஒவ்வொன்றாய் அழுத்தியபடி.

பின்னேரம் வானியலிலிருந்து என் பெட்டிக்கு
ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன்:
கிடைத்ததா?

கிடைத்தது,
குப்பைப் பெட்டிக்குள்.
'குப்பை இல்லை' என்பதை அழுத்திவிட்டு
சாப்பிடப் போனேன்.